வெள்ளிக்கிழமைக்குள் எழும்ப வேண்டிய கொப்புளம்

மண்டபம் முகாமில் கை காட்டும் வரிசை, வெயில் ஏறுவதற்கு முன்பே கொட்டகையைச் சுற்றி வளைந்துவிடும். கொழும்புக்குப் போகிறவர்கள், கண்டிக்குப் போகிறவர்கள், தேயிலை எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு நிற்பார்கள். ஊரிலிருந்து புறப்படும் முன்பே அம்மை குத்திக்கொண்டு வந்திருக்க வேண்டும். குத்திய இடம் எழும்பியிருக்கிறதா என்று இங்கே டாக்டர் பார்ப்பார். எழும்பியிருந்தால் தனுஷ்கோடி ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். எழும்பாவிட்டால் மறுபடி குத்திக்கொண்டு கொட்டகையில் கிடக்க வேண்டியதுதான்.

1955ஆம் வருஷம், சித்திரை பிறந்து சில நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை அந்த வரிசையில் பூமயில் நின்றாள். நயினார்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் அவளுடையது. நாற்று நட்டும் களை எடுத்தும் வளர்ந்தவள். கல்யாணமாகிப் புருஷன் பால்சாமியோடு கொழும்புக்குப் போனவள், இப்போதுதான் முதல்முறையாக ஊருக்கு வந்து திரும்புகிறாள். பால்சாமி கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். மகள் முருகேஸ்வரிக்குப் பதினொரு வயது நடந்துகொண்டிருந்தது. இடுப்பில் உட்கார்ந்திருந்த சோணைமுத்துவுக்கு இன்னும் மூன்று நிறையவில்லை.

பால்சாமி தன் சட்டைக்குள் ஒரு துணிப்பையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். அதற்குள் இலங்கை பர்மிட்டு, ஆளுக்கு ஒன்று. நான்கிலும் கடைசித் தேதி ஒன்றுதான்: அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. அன்றைய கப்பலில் ஏறாதவருக்கு அதற்குப் பிறகு அந்தக் கரையில் இடமில்லை. ஊரில் ஒரு குழி நிலமும் கிடையாது. வாழ்க்கை முழுதும் அந்தக் கரையில்தான் இருந்தது.

வரிசையில் முன்னால் நின்ற கருத்தம்மாள், அட்டன் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவள். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பல தடவை போய் வந்தவள் என்பது அவள் நிற்கிற விதத்திலேயே தெரியும். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு திரும்பினாள்.

"ஏத்தா, அந்தப் புள்ள கைய ஏன் பொத்திப் பொத்தி வைக்கிற? ஒளிச்சு வச்சுக் கப்பலேத்தப் போறியா?"

"வெயிலு சுடுதுல்ல, அதான்."

"இங்கன ஏது வெயிலு? கொட்டகை நெழல்ல நிக்கிற."

பூமயில் பையனை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

முகாம் இலங்கைச் சர்க்காருடையது; டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் கைகளை மட்டும் பார்த்தார். பால்சாமியின் கையில் எழும்பியிருந்தது. முருகேஸ்வரிக்கும் எழும்பியிருந்தது. பூமயிலுக்கும்தான். சோணையின் கை மட்டும் தேய்த்துக் கழுவிய கிண்ணம் மாதிரி வழுவழுவென்று இருந்தது.

டாக்டர் முதல்முறையாக நிமிர்ந்தார். "இந்தப் பிள்ளைக்கு ஒண்டும் எழும்பேல்லையே. குத்தினதோ, இல்லையோ?"

"குத்துனாங்கய்யா. பரமக்குடியில நாலு பேருக்கும் ஒண்ணாத்தான் குத்துனாங்க," என்றான் பால்சாமி.

"சில பேருக்கு அப்பிடித்தான். திருப்பிக் குத்துவம்."

"அப்ப எப்பய்யா போலாம்?"

"எழும்பின பிறகு."

"எப்ப எழும்பும்?"

"அது பிள்ளையின்ரை கையைக் கேக்க வேணும்," என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கையைப் பிடித்தார்.

கம்பவுண்டர் வேல்சாமி, மண்டபத்துக்காரர், பையனைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். சோணை அலறினான். பூமயில் அவன் தலையைத் தன் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊசியைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்றுதான் பால்சாமி நினைத்தான். பரமக்குடியில் வைத்த அம்மைப்பால் ஏன் எழும்பவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதை அவளே துடைத்துவிட்டிருந்தாள்.

துடைத்ததற்குக் காரணம் கொழும்பில் இருந்தது.

கொட்டாஞ்சேனையில் அவர்கள் குடியிருந்த இடத்துக்குப் பெயர் தோட்டம். செடி ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் தகரம் வேய்ந்த அறைகள், நடுவில் சாக்கடை, மூலையில் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். விடியுமுன்பே குழாயடியில் வாளிகள் வரிசை கட்டும். வாளிக்குப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதில்லை. ஆனால் சொந்த வாளியை ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். துறைமுகச் சங்கு ஊதும்போது பால்சாமி வாசலில் இருப்பான். சங்குக்குப் பிந்தினால் கங்காணி வேறு ஆளை எடுத்துக்கொள்வான். பூமயில் புறக்கோட்டையில் ஒரு சரக்குக் கிட்டங்கிக்குப் போய் வற்றல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவாள். சாயங்காலம் பிள்ளையைத் தூக்குவதற்கு முன் விரல்களைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். ஒரு நாள் மறந்துபோய்ச் சோணை கண்ணைத் தொட்டுவிட்டாள். அவன் கத்திய கத்தலில் தோட்டமே வாசலுக்கு வந்துவிட்டது.

முருகேஸ்வரி அங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தாள்; தோட்டத்துப் பிள்ளைகளோடு சிங்களத்தில் சண்டை போட்டாள். பூமயிலுக்குச் சிங்களம் குழாயடி அளவுக்குத்தான் வரும். பஸ்ஸில் தமிழை மெதுவாகத்தான் பேசுவாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவன் திரும்பிப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். பர்மிட்டு இல்லாதவர்களைப் பிடித்துப்போகிறார்கள் என்று சொன்னாலும், இருக்கிறவர்களும் "கள்ளத்தோணி" என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. வருஷா வருஷம் பர்மிட்டைப் புதுப்பிக்கப் போகும் நாளில் பால்சாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு போவான். சாப்பிட்டால் நெஞ்சை அடைக்கிறது என்பான்.

அந்தத் தை மாதம் சோணைக்கு உடம்பு கொதித்து, மறுநாள் முகமெல்லாம் மணல் தூவினது போல் அம்மை பொரிந்தது. ஊராக இருந்தால் வாசலில் வேப்பிலை சொருகினால் போதும். பார்க்கிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். கொழும்பில் அதே வேப்பிலை காட்டிக்கொடுத்துவிடும். நகரசபை வண்டி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொற்று ஆஸ்பத்திரியில் போட்டுவிடும், தாயைக்கூட உள்ளே விடமாட்டார்கள் என்று தோட்டத்தில் பேசிக்கொள்வார்கள். அதனால் பூமயில் வேப்பிலையைக் கதவுக்கு உள்பக்கம் கட்டினாள். தாளிப்பதை நிறுத்தினாள். பையன் அழுதால் வெளியே கேட்காதபடி நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அடுத்த அறைச் சிங்களப் பெண் சோமாவதிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கதவைத் தட்டினாள். பூமயில் திறக்கவில்லை. சந்தின் வழியாக ஒரு கொத்து வேப்பிலை உள்ளே வந்தது.

"தெய்யங்கே லெடே," என்றது சோமாவதியின் குரல், மெதுவாக.

"என்னடி சொல்றா?" என்று பூமயில் மகளிடம் கேட்டாள்.

"தெய்வத்தோட வியாதின்னு சொல்றாம்மா. அவுகளும் அப்படித்தான் சொல்லுவாக."

சோமாவதி யாரிடமும் மூச்சு விடவில்லை. தினமும் வேப்பிலை வந்தது. காய்ச்சல் உச்சத்தில் இருந்த நாளில் பூமயில் சுவரைப் பார்த்து நின்று வேண்டிக்கொண்டாள்: தாயே, இந்தப் பிள்ளையை விட்டு இறங்கிப் போ. பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வந்து, உன் வாசலில் முளைப்பாரி எடுக்கிறேன்.

இறங்கிப் போனாள். அதனால்தான் பங்குனியில் ஊருக்கு வந்தார்கள்.

ஊரில் அவளுக்குப் பெயர் மாறியிருந்தது. கண்மாய்க்கரையில் கூட விளையாடிப் புரண்டவர்களே "கொழும்புக்காரி வாரா, வழி விடுங்கடி" என்றார்கள். முருகேஸ்வரி "நம்ம வீட்டுக்கு எப்பம்மா போவோம்?" என்று கேட்டால், "இதுதாண்டி ஒங்க வீடு" என்று நாலு பேர் சிரித்தார்கள். பால்சாமி தேதியை நினைத்துக்கொண்டே இருந்தான். ஆனால் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டிய கையோடு, முளைப்பாரியைக் கண்மாயில் கரைக்கும்வரை யாரும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. பரமக்குடி ஆஸ்பத்திரிக்குப் போய் அம்மை குத்திக்கொள்ளவும் வழியில்லை. பொங்கல் தேதி அந்த வருஷம் தள்ளிப்போனது. கையில் இருந்த அவகாசம் எல்லாம் அங்கேயே கரைந்தது.

முளைப்பாரி கரைத்த மறுநாள் காலையில் குடும்பத்தோடு பரமக்குடிக்குப் போனார்கள். நான்கு கைகளிலும் கீறி அம்மைப்பால் வைத்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் பூமயில் பையனின் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். நேற்றுத்தான் குலவை போட்டு ஆத்தாளை வழியனுப்பி வைத்தோம். இன்றைக்கு ஊசி வைத்து வா என்று கூப்பிடுகிறோம். போ என்று கெஞ்சிய வாயால் வா என்றால், அவள் எந்தக் கோபத்தோடு வருவாள்? மற்ற மூன்று பேர் எப்படியோ போகட்டும். நேர்த்தி இந்தப் பிள்ளைக்காகச் செய்தது. பால்சாமி முன் சீட்டில் தலை சாய்த்துத் தூங்கினான். சொம்புத் தண்ணீரில் முந்தானையை நனைத்து, கீறிய இடத்தைப் பிதுக்கி, அழுத்தித் துடைத்தாள். மடியில் இருந்த கோயில் வேப்பிலையைக் கசக்கித் தடவினாள். டாக்டர் கையைப் பார்ப்பார் என்று தெரியும். இத்தனை பேர் கூட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் கையை யார் இப்படி உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

மண்டபத்தில் கருத்தம்மாள் அந்த வியாழக்கிழமையே கப்பலேறிப் போனாள். மறுநாள் கொட்டகையில் புது ஆட்கள் வந்தார்கள். அதற்கு மறுநாள் அவர்களும் போனார்கள். முகாமில் மணி அடித்தால் சோறு வரும். துணிமணிகளைக் கிருமி சாக ஆவி வைத்துக் கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் கடல். காற்று மணலை வாரிச் சோற்றில் போடும். பால்சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சங்கு ஊதாத காலையில் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் போய் வேல்சாமியிடம் நிற்பான்.

"அண்ணே, பெரிய ஆளு எனக்கு மூட்டை தூக்குன கையில உடனே எழும்பிருச்சு. இந்தப் பொடிப்பயலுக்கு மட்டும் ஏண்ணே இப்படி?"

"மூட்டை தூக்கச் சொல்லிப் பாரேன். எழும்பும்," என்றார் வேல்சாமி. பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏலே, பால் வச்சா நெல்லு மொளைக்கிற மாதிரி மொளைச்சுத்தாலே வரணும். இழுத்து வளக்க முடியுமா? தண்ணி படாமப் பாத்துக்க. சொறிய விடாத," என்றார்.

பூமயில் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பையனின் கையைப் பார்ப்பதைத் தவிர அவள் வேறெதுவும் செய்யவில்லை. பல் துலக்கும் முன் பார்த்தாள். சோறு ஊட்டும்போது பார்த்தாள். தூங்கும்போது சட்டையை விலக்கிப் பார்த்தாள். கீறல்தான் தெரிந்தது. ஒரு சமயம் சிவந்த மாதிரி இருக்கும். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனால் ஒன்றும் இராது. அவன் கை தன் தோளுக்குப் போனால் பட்டென்று பிடித்துக்கொள்வாள். கடற்கரையில் மற்றப் பிள்ளைகள் தண்ணீரில் ஆடும்போது அவன் காலை உதைத்துக்கொண்டு அழுவான், விடமாட்டாள். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

முருகேஸ்வரி பக்கத்தில் வந்து காது கொடுத்துக் கேட்டாள். "என்னம்மா வேண்டுற?"

"வந்து எறங்கு தாயேன்னு வேண்டுறேன்."

"தையில போ போன்னு சொன்ன. இப்ப வா வாங்கிற. சாமியே கொழம்பிப் போயிரும்மா."

"வாயை மூடுடி," என்று அதட்டினாள். அதட்டிய பிறகு அவளுக்கே அழுகை வந்தது.

செவ்வாய்க்கிழமை ஆகியும் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளிதான். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பூமயிலிடம் பால்சாமி வந்து நின்றான்.

"ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஊசி, ஒரே மருந்து. மூணு பேருக்கு எழும்புது, ஒருத்தனுக்கு எழும்பல. எனக்கு என்னமோ அந்தப் பரமக்குடிக்காரன் மேலதான் சந்தேகம். பச்சத் தண்ணியத் தொட்டு வச்சிருக்கான்."

"அவுகள ஒண்ணும் சொல்லாதீங்க."

"பின்ன யாரச் சொல்ல?"

"நாந்தான் தொடச்சேன்."

"என்னத்த?"

"அம்மைப்பால. பஸ்ஸுல வாரயில. நீங்க தூங்கிக்கிட்டிருந்தீக."

பால்சாமி கையில் இருந்த ஈரத் துண்டை உதறி, மறுபடி உதறி, கயிற்றில் போடாமலேயே தோளில் போட்டுக்கொண்டான்.

"நீயா? சங்குக்கு மின்னால என்னய எழுப்பிவிடுற ஆளு நீ. தோட்டத்துல அத்தன பேருக்கும் புத்தி சொல்ற ஆளு நீ."

"நேத்து அனுப்புன ஆத்தாள இன்னைக்குக் கூப்புடுறதான்னு..."

"ஒங்க ஆத்தா பர்மிட்டு குடுப்பாளாடி? அவ வந்து நிப்பாளா தலைமன்னார்ல? 'ஏப்பா, இது எம்புள்ள, உள்ள விடு'ன்னு சொல்லுவாளா?" கத்தினவன் சட்டென்று நிறுத்தினான். சுற்றிலும் பார்த்தான். அவன் கை தானாகவே கன்னத்துக்குப் போய் இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டது. "மன்னிச்சுக்க தாயே," என்று வாய்க்குள் சொன்னான். அதற்குப் பிறகு அவனால் திட்ட முடியவில்லை. அன்று அவன் அவளோடு பேசவில்லை. ஆனால் ராத்திரிச் சோற்றுக்கு முன் பையனைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, தோளுக்குப் போகிற கையைத் தானே பிடித்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை காலையில் புள்ளி மேடாயிருந்தது. முருகேஸ்வரிதான் முதலில் பார்த்தாள். கொட்டகையில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஒரு கிழவர் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு "வந்துட்டா" என்றார். வியாழக்கிழமை நீர் கோத்து, முத்து மாதிரி, சுற்றிலும் சிவந்த வளையத்தோடு நின்றது. பூமயில் கொட்டகை ஓரத்தில் மணலில் விழுந்து கும்பிட்டாள். பால்சாமி பெட்டியைக் கட்டினான். கட்டின கயிறு சரியில்லை என்று அவிழ்த்து மறுபடி கட்டினான். முருகேஸ்வரி தம்பிக்குச் சிங்களத்தில் பத்து வரை எண்ணச் சொல்லிக்கொடுத்தாள், மறந்திருப்பான் என்று.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது பையனின் உடம்பு அடுப்பங்கல்லாகச் சுட்டது.

பூமயில் யாரிடமும் சொல்லவில்லை. நெற்றியில் ஈரத்துணி போட்டாள். வரிசையில் நிற்கும்போது முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள். கை மட்டும் பார்க்கட்டும், கை மட்டும் பார்க்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

டாக்டர் கையைப் பார்த்தார். "ஓ, வடிவா எழும்பியிருக்கு," என்றார். பால்சாமியின் முகம் மலர்ந்தது. கையை விடும்போது டாக்டரின் விரல் அப்படியே நின்றது. பையனின் கழுத்தைத் தொட்டார். வேல்சாமி தெர்மாமீட்டரை உதறி அக்குளில் வைத்தார். வரிசை முழுவதும் எட்டிப் பார்த்தது. வேல்சாமி எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் நீட்டினார்.

"காய்ச்சல். நூற்றொண்டுக்கு மேலை."

"அய்யா, அது இந்த அம்மையால வந்ததுய்யா," என்றாள் பூமயில். "நீங்க குத்துனதாலதான் வந்தது."

"எனக்குத் தெரியும் பிள்ளை. அதாலைதான் வந்திருக்கும். நல்லா எழும்பினா அப்பிடித்தான் காயும். ஆனா காய்ச்சலோடை ஆரையும் கப்பலேத்த ஏலாது. அதாலை வந்ததோ வேறை எதாலை வந்ததோ எண்டு இண்டைக்கு ஆரும் சொல்லேலாது."

"இன்னைக்குத்தான்யா கடைசி," என்று பால்சாமி துணிப்பையை வெளியே இழுத்தான். இழுத்த வேகத்தில் முடிச்சு இறுகிவிட்டது.

"அதைப் பாத்தனான். பர்மிட் என்ரை கையிலை இல்லை. தாயும் பிள்ளையும் நிக்கட்டும். நீங்கள் ரெண்டு பேரும் போகலாம்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு அடுத்த கையைப் பிடித்தார்.

ரயிலுக்கு அதிக நேரம் இல்லை. வேலியோரம் உடைமர நிழலில் நான்கு பேரும் நின்றார்கள்.

"யாரும் போக வேணாம்," என்றான் பால்சாமி. "நாலு பேருமா இங்கனயே இருந்துருவோம். நான் களத்துல நெல்லு அடிக்கமாட்டனா?"

"யாரு களத்துல?"

அவன் கையிலிருந்த பெட்டியை மணலில் வைத்தான்.

"நல்லாக் கேளுங்க," என்றாள் பூமயில். வேகமாகப் பேசினாள். "இன்னைக்கு நாலு பேரும் நின்னுட்டா நாலு பர்மிட்டும் போச்சு. அதுக்கப்புறம் அங்கன நமக்குன்னு ஒரு ஆளு கிடையாது. நீங்க அங்கன இருந்தாத்தான் எம்பொண்டாட்டி, எம்புள்ளன்னு எழுதிக் கேக்கலாம். கேட்டாக் குடுத்தாலும் குடுப்பாங்க."

"குடுக்கலைன்னா?"

"அத இப்பப் பேசாதீங்க."

"முருகேஸு இங்கன இருக்கட்டுமா?"

"அவ போகட்டும். பள்ளிக்கூடம் இருக்கு. அவ பர்மிட்டையும் எதுக்குச் சாகக் குடுக்கணும்? சோறு வடிப்பா."

முருகேஸ்வரி அம்மாவையும் அய்யாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை நாளும் வீட்டுக்கு எப்போது போவோம் என்று கேட்டவள் அவள்தான். இப்போது தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரயில் முகாம் ஸ்டேஷனுக்கு வந்தபோது பிளாட்பாரம் கொள்ளாத கூட்டம். பெட்டி, பாய்ச்சுருட்டு, ஓலைப்பெட்டி, கோழிக்கூடு எல்லாம் ஜன்னல் வழியாக ஏறின. வாயிலில் நின்ற சிப்பாய் சீட்டு இல்லாதவர்களைத் தள்ளினான். வேல்சாமி அவனிடம் ஏதோ சொல்லிப் பூமயிலை உள்ளே விட்டார். பையன் அவள் தோளில் துவண்டு கிடந்தான். ஜன்னலில் முருகேஸ்வரியின் முகம் இரண்டு பேருக்கு நடுவே நசுங்கித் தெரிந்தது. பூமயில் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"குழாய்க்கு வாளிய ராத்திரியே கழுவி வையி. வெடியுமுன்ன வச்சிறணும். பச்ச வாளியத்தான் வைக்கணும், தகர வாளிய வச்சாத் தூக்கி எறிவாளுக."

"தெரியும்மா."

"அய்யா சங்குக்கு எந்திரிக்க மாட்டாக. கால்ல தட்டு. தலைமாட்டுல நின்னு கத்தாத, கோவம் வரும். கஞ்சிக்குத் தண்ணி முதல்லயே ஊத்திறாத. மண்ணெண்ணெய் அடுப்புல பாவாடை படாமப் பாத்துக்க. பஸ்ஸுல சத்தமாப் பேசாத. எவன் என்ன சொன்னாலும் நீ சிங்களத்துல வாய் குடுக்காத."

"சரிம்மா."

"பள்ளிக்கூடம் விட்டா நேரா வீடு. கடலப் பாக்கணும்னு துறைமுகத்துப் பக்கம் போனேன்னு கேள்விப்பட்டேன், அவ்வளவுதான்."

"யாரும்மா சொல்லுவா ஒனக்கு, நீ இங்கன இருக்கயில?" என்று கேட்டுவிட்டு முருகேஸ்வரி அழத் தொடங்கினாள். பக்கத்தில் நசுங்கிக்கொண்டிருந்த ஒருவர் இடம் விட முயன்றார், முடியவில்லை. அவளுக்குப் பின்னால் பால்சாமி தலை குனிந்து பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பையனைப் பார்த்தான். "காய்ச்சல் எறங்குனதும் சொல்லி அனுப்பு," என்றான். யாரிடம், எப்படி என்று சொல்லவில்லை.

விசில் ஊதியது. வண்டி குலுங்கி நகர்ந்தது. பூமயில் கூடவே நடந்தாள்.

அப்போதுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. பதினொரு வயது. இந்த வருஷமோ வருகிற வருஷமோ, ஒரு நாள் அந்தத் தகர அறையில் இவள் உடம்பு இவளைப் பயமுறுத்தும். அம்மா கடலுக்கு இந்தப் பக்கம் இருப்பாள். அய்யா துறைமுகத்தில் இருப்பார். அத்தைமார் இல்லை, சமைந்தவளுக்குக் குச்சில் கட்ட ஆள் இல்லை, என்ன ஏது என்று சொல்ல ஒரு பொம்பிளை இல்லை. ஜன்னலில் ஆறு ஆம்பிளைகள் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அதை எப்படிக் கத்திச் சொல்வது?

"சோமாவதி அக்காகிட்டச் சொல்லு!" என்று கத்தினாள்.

"என்னத்தம்மா?"

வண்டி வேகம் பிடித்தது. பூமயில் ஓடினாள். பையனின் சூடான தலை அவள் கழுத்தில் மோதி மோதி ஆடியது.

"என்னத்தச் சொல்லணும்?" முருகேஸ்வரி ஜன்னலுக்கு வெளியே பாதி வந்துவிட்டாள், பின்னாலிருந்து பால்சாமியின் கை அவளைப் பிடித்து இழுத்தது.

"எதுன்னாலும்!" என்று பூமயில் கத்தினாள். "எதுன்னாலும் சொல்லு! ஒளிச்சு வைக்காத!"

பிளாட்பாரம் முடிந்து மணல் தொடங்கிய இடத்தில் அவள் நின்றாள். மகள் தலையை ஆட்டினாளா, அழுதாளா, காதில் விழுந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசிப் பெட்டி பாம்பன் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வேல்சாமி ஓடிவந்து, "ஏத்தா, புள்ளைய வெயில்ல வச்சுக்கிட்டு நிக்காத," என்றார். அவள் திரும்பாமலேயே கேட்டாள்.

"அண்ணே, புருஷன் அந்தக் கரையில இருந்து எழுதிப் போட்டா, இந்தக் கரையில இருக்குறவளுக்கு எம்புட்டு நாள்ல பதில் வரும்?"

வேல்சாமி அவளையும், தண்டவாளத்தையும் பார்த்தார். அவருக்குத் தெரிந்த பதில் நாள் கணக்கில் அடங்குவதில்லை. அதைச் சொல்லாமல், பையனின் தோளில் விலகியிருந்த சட்டையைக் கொப்புளத்தில் படாமல் இழுத்துவிட்டார்.